விபத்து வழக்கில் அபராதமும் 60,000 ரூபாய் இழப்பீடும்: அப்பீல் போட்டால் எது நிற்கும், எது நிற்காது?

கரூர்_வாசகர் (கேள்வி)

வணக்கம். மச்சானுடைய வழக்கு இது. கார் வலது பக்கம் திரும்பும்போது எதிரே வந்த பைக்கில் இடித்தது. பைக்காரருக்கு எலும்பு முறிவு இல்லை. சிராய்ப்பும் முழங்காலில் தையலும்தான். போலீஸ் பிஎன்எஸ் (பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 281 (அஜாக்கிரதையாக ஓட்டியது), 125(ஏ) (அதனால் காயம் ஏற்படுத்தியது) பிரிவுகளில் குற்றப்பத்திரிகை போட்டார்கள். மச்சான் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, முழு விசாரணை நடந்தது. மார்ச் 10 அன்று நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் தீர்ப்பு. அதன் கடைசிப் பகுதி இப்படி:

281-க்கு 1,000 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் 1 வாரம் மெய்க்காவல் (வேலை வாங்காத சாதாரணச் சிறை).
125(ஏ)-க்கு 2,500 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் 2 மாதம் மெய்க்காவல்.
பிஎன்எஸ்எஸ் (பழைய சிஆர்பிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 395(3)-இன் கீழ் காயம்பட்டவருக்கு 60,000 ரூபாய் இழப்பீடு, 1 மாதத்துக்குள். தவறினால் 3 மாதம் மெய்க்காவல்.

அபராதம் 3,500 அன்றே கட்டியாகிவிட்டது, ரசீது இருக்கிறது. மச்சானுக்குத் தனியார் கம்பெனியில் மாதம் 18,000 சம்பளம். காருக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் நடப்பில் இருந்தது. பைக்காரர் எம்சிஓபி (மோட்டார் விபத்து தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கும் மனு) தனியாகப் போட்டிருக்கிறார், அது நிலுவையில் உள்ளது.

என் சந்தேகங்கள்: அபராதம் கட்டிவிட்டால் அப்பீல் உரிமை போய்விடுமா? 60,000-ஐ முதலில் கட்டினால்தான் அப்பீலை எடுப்பார்களா? எத்தனை நாள் அவகாசம்? "இவ்வளவு சின்ன கேஸுக்கு அப்பீலே கிடையாது" என்கிறார் தெரிந்தவர் ஒருவர், அது உண்மையா?

கோர்ட்வாசல்

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். "சின்ன கேஸுக்கு அப்பீல் இல்லை" என்பது பாதி உண்மை. பிஎன்எஸ்எஸ் 417 (பழைய சிஆர்பிசி 376) சொல்வது இதுதான்: முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் 100 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டும் விதித்தால் அப்பீல் இல்லை, சுருக்கமுறை விசாரணையில் என்றால் 200 ரூபாய் வரை இல்லை. உங்கள் மச்சானுக்கு 1,000, 2,500. அந்தத் தடை இங்கே கிட்டவே வராது. 415(3)-இன் கீழ் மாவட்ட செஷன்ஸ் நீதிமன்றத்தில் குற்றவியல் மேல்முறையீடு தாராளமாகப் போடலாம்.

அபராதம் கட்டியதால் உரிமை போகாது. கட்டாமல் விட்டிருந்தால் அன்றே உள்ளே போக வேண்டிய நிலை. அதற்காகக் கட்டினதை "தீர்ப்பை ஏற்றுக்கொண்டார்" என்று யாரும் எடுக்க முடியாது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மேல்முறையீட்டில் விடுதலை ஆனால் அபராதத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஒரு வரி தீர்ப்பிலேயே வர வேண்டும், அதைக் கேட்டு வாங்க வேண்டும். அப்போது அந்த ரசீது தேவைப்படும்.

அவகாசம் 30 நாள். காலவரையறைச் சட்டம், 115ஆம் இனம். (உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 60 நாள், உங்களுக்கு அது பொருந்தாது.) கணக்கு இப்படி: மார்ச் 10 தீர்ப்பு நாள், அதைச் சேர்க்கக் கூடாது. 11 முதல் எண்ணினால் 30ஆம் நாள் ஏப்ரல் 9. நகல் வாங்கச் செலவான நாள்களை இதோடு கூட்டிக்கொள்ளலாம். மார்ச் 12 நகல் மனு போட்டு 20ஆம் தேதி நகல் தயார் என்றால் 9 நாள் கூடும், கடைசி நாள் ஏப்ரல் 18. அன்று கோர்ட் விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சான்றிட்ட நகலின் பின்பக்கம் ஒரு முத்திரை இருக்கும்: மனு செய்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், பெற்றுக்கொண்ட நாள். கழிக்கப்படுவது "தயாரான நாள்" வரைக்கும்தான். நகல் தயாராகி ஒரு வாரம் கழித்துப் போய் வாங்கினால் அந்த ஒரு வாரம் உங்கள் கணக்கில். கேட்ட தொகையைத் தாமதமாகக் கட்டினாலும் அப்படியே. இன்னொன்று, அப்பீலுக்கு உட்பட்ட தீர்ப்பு என்றால் குற்றம்சாட்டப்பட்டவருக்குச் சான்றிட்ட நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று 404 சொல்கிறது. நகல் மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

என் யோசனை, அந்தக் கூட்டல் நாள்களை நம்பாமல் ஏப்ரல் 9-க்குள்ளேயே தாக்கல் செய்துவிடுங்கள். தவறினால் காலவரையறைச் சட்டம் 5ஆம் பிரிவின் கீழ் தாமத மன்னிப்பு மனு போட வேண்டிவரும். அதற்கு நோட்டீஸ், எதிருரை, வாய்தா என்று போகும். அது முடியும்வரை அப்பீல் கோப்பில் ஏறாது, அதற்கு எண்ணே விழாது. எண் விழாதவரை நிறுத்திவைப்பு உத்தரவும் இல்லை.

தாக்கல் கட்டில் இருக்க வேண்டியவை: மேல்முறையீட்டு மனு, தீர்ப்பின் சான்றிட்ட நகல், வக்காலத்து, தண்டனையையும் இழப்பீட்டு உத்தரவையும் நிறுத்திவைக்கக் கோரும் தனி மனு. எதிர்மனுதாரர் "காவல் ஆய்வாளர் மூலமாக அரசு". இழப்பீடு சம்பந்தப்பட்டதால் காயம்பட்டவரையும் 2ஆம் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுவது நல்லது. சேர்க்காமல் விட்டால், "பணம் பெற வேண்டியவரைக் கேட்காமல் எப்படி ரத்து செய்வது" என்று பாதி வழியில் ஒரு வாய்தா போகும்.

தாமிரபரணிக்காரன்

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் இந்தத் தீர்ப்பின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. கேள்வியில் போட்ட அந்த மூன்று வரிகளை 395-ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

395-இல் இழப்பீட்டுக்கு இரண்டு வழி. (1)-இன்படி, அபராதம் விதித்தால், அந்த அபராதத் தொகையிலிருந்து முழுவதையோ ஒரு பகுதியையோ பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கச் சொல்லலாம். (3)-இன்படி, தண்டனையில் அபராதம் ஒரு பகுதியாக இல்லாதபோது, தனியாக ஒரு தொகையை இழப்பீடாகக் கட்டச் சொல்லலாம். "அபராதம் பகுதியாக இல்லாத தண்டனை" என்பது சட்டத்திலேயே உள்ள நிபந்தனை. உங்கள் மச்சானுக்கு இரண்டு பிரிவிலும் அபராதம் விதித்துவிட்டு, அதற்கு மேல் (3)-இன் கீழ் 60,000. இரண்டும் ஒன்றாக நிற்க வழியில்லை.

சரி, (3) போகட்டும், (1)-இன் கீழ் மாற்றிக் கொடுத்துவிடலாமே என்றால் அங்கேயும் முட்டுகிறது. 281-க்கு அதிகபட்ச அபராதம் 1,000. 125(ஏ)-க்கு அதிகபட்சம் 5,000. இரண்டையும் உச்சத்துக்கு ஏற்றினாலும் 6,000. அபராதத்திலிருந்து 60,000 எடுத்துக் கொடுக்க முடியாது. அது மட்டுமல்ல, குற்றம்சாட்டப்பட்டவர் போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்டக் கூடாது என்று 427 சொல்வதால் இப்போதுள்ள 3,500-ஐ 6,000 ஆக்கவும் முடியாது. அபராதத்தை எடுத்துவிட்டு ஒரு நாள் சிறைத்தண்டனை கொடுத்து (3)-ஐக் காப்பாற்றலாமா? "கோர்ட் கலையும்வரை" என்றாலும் அது சிறைத்தண்டனைதான், ஆக அதுவும் கூட்டலே.

இதற்கு ஒரு எதிர்வாதமும் வரும்: மேல்முறையீட்டு நீதிமன்றமும் இழப்பீட்டு உத்தரவு போடலாம் என்று 395(4) இருக்கிறது. இருக்கிறது. ஆனால் அதுவும் (1) அல்லது (3)-இன் வரம்புக்குள்தான் போட வேண்டும்.

இரண்டாவது ஓட்டை, 125(ஏ)-க்குக் கொடுத்த 2 மாத மாற்றுத் தண்டனை. சிறையும் அபராதமும் விதிக்கக்கூடிய குற்றத்தில், அபராதம் கட்டாததற்கான சிறை, அந்தக் குற்றத்தின் அதிகபட்சச் சிறையில் கால் பங்கைத் தாண்டக் கூடாது (பிஎன்எஸ் 8, பழைய ஐபிசி 65). 125(ஏ)-க்கு அதிகபட்சம் 6 மாதம், கால் பங்கு ஒன்றரை மாதம். 2 மாதம் தவறு. அபராதம் கட்டியாகிவிட்டதால் இதனால் நேரடிப் பயன் இல்லைதான், ஆனாலும் காரணமாக எழுதுங்கள். தண்டனைப் பகுதி கவனமில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது என்பதை இது காட்டும். இழப்பீட்டுக்கான 3 மாதத்துக்கும் இதே கால் பங்கு வாதத்தை வைக்கலாம். ஏனென்றால் இழப்பீடு கட்டாததற்குச் சிறை விதிக்கும் அதிகாரமே அபராதத்தைப் போல வசூலிக்கலாம் என்பதிலிருந்து வருகிறது.

மூன்றாவது, கட்டும் சக்தி. அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் (2013) உச்ச நீதிமன்றம் இழப்பீட்டைப் பற்றி ஒவ்வொரு வழக்கிலும் நீதிமன்றம் மனதைச் செலுத்த வேண்டும் என்றது. அதோடு கட்டும் சக்தி பற்றி ஓர் விசாரணை, அது சுருக்கமாக இருந்தாலும், வேண்டும் என்றது. தீர்ப்பில் சம்பளம், மருத்துவச் செலவு பில், வேலைக்குப் போகாத நாள்கள் பற்றி ஏதாவது ஒரு பத்தி இருக்கிறதா பாருங்கள். "காயம்பட்டவரின் நிலை கருதி ரூ. 60,000" என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால் அதுவே ஒரு காரணம்.

கரூர்_வாசகர்

ஒற்றை வரிதான் இருக்கிறது, பில் எதுவும் சான்றாவணமாகக் குறியீடு செய்யப்படவில்லை. மிக்க நன்றி அண்ணா. 60,000 கட்டாமல் அப்பீல் எடுப்பார்களா என்பது மட்டும் இன்னும் புரியவில்லை. ஒரு மாதக் கெடு ஏப்ரல் 10-இல் முடிகிறது.

கோர்ட்வாசல்

எடுப்பார்கள். பணம் கட்டுவதை அப்பீலை அனுமதிப்பதற்கான முன்நிபந்தனையாக வைக்க முடியாது என்று திலீப் தஹானுகர் வழக்கில் (2007) உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அது செக் வழக்கு. ஆனால் பழைய 357-ஐப் பற்றிய விளக்கம், இப்போதைய 395-க்கும் அப்படியே பொருந்தும். அப்பீல் காலம் முடியும்வரை, அப்பீல் போட்டால் அது தீரும்வரை, பணம் பட்டுவாடா இல்லை என்ற (2)ஆம் உட்பிரிவு இழப்பீட்டு உத்தரவுக்கும் வரும் என்றும் அதில் இருக்கிறது. கூடவே, தண்டனையை நிறுத்திவைக்கும்போது நியாயமான நிபந்தனை வைக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உரிமை உண்டு என்றும் இருக்கிறது. அதனால் "ஒரு பகுதியை டெபாசிட் செய்" என்று உத்தரவு வரலாம். அதற்கு முன்கூட்டியே சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ரசீது, வங்கிக் கணக்கு அறிக்கை மூன்றையும் நிறுத்திவைப்பு மனுவோடு வையுங்கள். வெறும் வாயால் "கஷ்டம்" என்றால் எடுபடாது.

நடைமுறையில் ஒரு ஆபத்து. (2)ஆம் உட்பிரிவு தானாக நிறுத்துகிறது என்று நம்பிச் சும்மா இருக்காதீர்கள். கெடு முடிந்ததும் விசாரணை நீதிமன்றத்தில் கோப்பைப் பார்ப்பவர் கண்ணில் படுவது "இழப்பீடு கட்டப்படவில்லை" என்பதுதான், வாரண்ட் போய்விடும். இழப்பீட்டை அபராதம் போலவே வசூலிக்க 471 வழி கொடுக்கிறது. எனவே ஏப்ரல் முதல் வாரத்திலேயே அப்பீலைப் போட்டு, 430-இன் கீழ் நிறுத்திவைப்பு உத்தரவு வாங்கி, அந்த உத்தரவின் நகலை விசாரணை நீதிமன்றத்தில் ஒரு மெமோவோடு தாக்கல் செய்யுங்கள். மெமோவின் மறுபிரதியில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். உத்தரவு மேலே இருந்து கீழே தானாக வந்து சேரும் என்று விட்டால், அது வருவதற்குள் வாரண்ட் வந்துவிடலாம். பிணைப்பத்திரம், ஜாமீன்தாரர் கேட்டால் அதையும் அந்த உத்தரவு குறிப்பிடும் நீதிமன்றத்தில் அன்றன்றைக்கே முடித்துவிடுங்கள்.

ஏப்ரல் 10-க்குள் உத்தரவு கிடைக்காது என்று தோன்றினால், விசாரணை நீதிமன்றத்திலேயே அவகாச நீட்டிப்பு மனு ஒன்று போட்டு வையுங்கள், அப்பீல் தாக்கல் செய்ததற்கான சான்றோடு. மின்தாக்கல் ரசீது போதும். அப்பீல் எண்ணானதும் சிஎன்ஆர் எண் (வழக்குக்கான தனி அடையாள எண்) வரும், 16 எழுத்து-எண் கொண்டது. ஈகோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் வாய்தா தேதி தெரியும்.

பாலக்கரை

யாரும் நன்னடத்தைச் சட்டம் (தண்டனை கொடுக்காமல் எச்சரித்தோ, நன்னடத்தைப் பிணையிலோ விடுவிப்பது) பற்றிப் பேசவில்லையே? 1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 3, 4 பிரிவுகளை மாற்று வேண்டுகோளாக வைக்கலாம். மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் உண்டு (11ஆம் பிரிவு). உயிரிழப்பு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இதை விரும்பவில்லை, ஆனால் இது சாதாரணக் காயம். 12ஆம் பிரிவினால் தண்டனை காரணமான தகுதியிழப்பும் விலகும். நாளை அரசு வேலைக்கு விண்ணப்பிப்பவராக இருந்தால் அது பெரிய விஷயம்.

தாமிரபரணிக்காரன்

பாலக்கரை சொல்வது பொதுவாக நல்ல யோசனை, ஆனால் இந்த வழக்கில் யோசித்துச் செய்ய வேண்டும். அதே சட்டத்தின் 5ஆம் பிரிவைப் படியுங்கள்: 3 அல்லது 4-இன் கீழ் விடுவிக்கும்போது, பாதிக்கப்பட்டவருக்கு நியாயமான இழப்பீடு கட்டச் சொல்லலாம். அபராதம் இருந்தால் கூடாது என்ற தடை அங்கே இல்லை, ஏனென்றால் அங்கே அபராதமே இல்லை. 395(3)-இல் பூட்டிய கதவை நாமே 5-இல் திறந்துவிடுவது போல் ஆகிவிடும். மனுவில் முதல் வேண்டுகோள் முழு விடுதலை. இரண்டாவது, இழப்பீட்டு உத்தரவு மட்டும் ரத்து. நன்னடத்தையை எழுத்தில் கேட்காமல், வாதத்தின்போது நீதிபதியின் போக்கைப் பார்த்து வழக்கறிஞர் முடிவு செய்யட்டும். தனியார் வேலையில் இருப்பவருக்கு 3,500 ரூபாய் அபராதத்தை விட 60,000 பாரம்.

12ஆம் பிரிவு பற்றியும் ஒரு எச்சரிக்கை: அது தகுதியிழப்பைத்தான் நீக்குகிறது, தீர்ப்பை அழிக்கவில்லை. படிவத்தில் "தண்டிக்கப்பட்டதுண்டா" என்று கேட்டால் உள்ளதை எழுத வேண்டும். மறைத்ததற்காக வேலை போனவர்கள்தான் அதிகம்.

கரூர்_வாசகர்

அப்பீல் போட்டுப் பைக்காரரைக் கிளறிவிட்டால் தொகை கூடிவிடாதா?

தாமிரபரணிக்காரன்

உங்கள் அப்பீலில் கூடாது. ஆனால் அவருக்குத் தனி உரிமை இருக்கிறது: இழப்பீடு போதவில்லை என்று பாதிக்கப்பட்டவரே 413-இன் கீழ் மேல்முறையீடு செய்யலாம். தண்டனை போதவில்லை என்று அரசும் போகலாம், இந்த அளவு வழக்கில் போவது அபூர்வம். அவர் போட்டாலும் மேலே சொன்ன 395(3) சிக்கல் அவருக்கும் சேர்த்துத்தான் இருக்கிறது.

எம்சிஓபி_மேஜை

இன்ஷூரன்ஸ் பக்கத்தைப் பார்ப்போம். மாஜிஸ்திரேட் விதித்த 60,000-ஐ இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டாது. அது குற்றம்சாட்டப்பட்டவரின் கையிலிருந்து கட்டச் சொல்லும் உத்தரவு. கம்பெனி அந்த வழக்கில் தரப்பினரே இல்லை. கம்பெனி பொறுப்பேற்பது மோட்டார் விபத்து தீர்ப்பாயம் கொடுக்கும் தொகைக்கு.

இப்போது கணக்கைப் பாருங்கள். மச்சான் 60,000 கட்டுகிறார். 395(5)-இன்படி, அதே விஷயத்தில் பின்னால் வரும் சிவில் வழக்கில் இழப்பீடு தீர்மானிக்கும்போது கட்டிய தொகையைக் கணக்கில் எடுக்க வேண்டும். அதை எம்சிஓபியில் எடுத்துச் சொல்லித் தீர்ப்பாயமும் கழித்தது என்றால், கழிந்த 60,000 யாருக்கு மிச்சம்? இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு. பாலிசிக்குப் பிரீமியம் கட்டியவர் பையிலிருந்து கம்பெனிக்கு உபகாரம். பைக்காரருக்கும் இதில் கூடுதலாக ஒன்றும் வரப்போவதில்லை.

இதை அப்பீலில் காரணமாகவே எழுதுங்கள்: காயம்பட்டவருக்கு எம்சிஓபி நிலுவையில் உள்ளது, வாகனத்துக்குச் செல்லுபடியான பாலிசி உள்ளது, நியாயமான இழப்பீட்டை மருத்துவ ஆவணங்களோடு தீர்மானிக்கும் அமைப்பு ஏற்கெனவே வேலை செய்கிறது. எம்சிஓபி மனுவின் நகலும் பாலிசி நகலும் இணைப்பாக இருக்கட்டும். விசாரணை நீதிமன்றப் பதிவில் அவை இல்லை என்றால் 432-இன் கீழ் கூடுதல் சாட்சியமாக ஏற்கக் கேட்க வேண்டும். சும்மா டைப் செட்டில் (அப்பீலோடு தரும் ஆவணக் கட்டில்) சொருகினால் அரசு வழக்கறிஞர் ஆட்சேபிப்பார்.

தவிர்க்க முடியாமல் ஏதாவது தொகை டெபாசிட் செய்ய நேர்ந்தால், ரசீதின் சான்றிட்ட நகலை எம்சிஓபி எதிருரையோடு சேர்த்துவிடுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்து வெள்ளைத்தாளில் எழுதி வாங்குகிற வேலை வேண்டாம். பின்னால் "அது பைக் ரிப்பேருக்குக் கொடுத்தது" என்று சொன்னால் பதிலில்லை.

தண்டனைத் தீர்ப்பு தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் அலட்சியத்துக்கு ஒரு சாட்சியமாக எடுத்து வைப்பார்கள். அதே போல அப்பீலில் விடுதலை வாங்கினாலும் எம்சிஓபி தானாக விழாது. அங்கே பார்ப்பது சாத்தியக்கூறுகளின் எடையை. சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணத்தை அல்ல.

கோர்ட்வாசல்

தண்டனை பற்றிய பேச்சிலேயே போய்க்கொண்டிருக்கிறோம், குற்றத் தீர்ப்பையும் விட்டுவிடக் கூடாது. வாகன வழக்குகளில் குற்றப்பத்திரிகை எல்லாவற்றிலும் ஒரே வரி: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதி". சாட்சிகளும் அதையே ஒப்பிப்பார்கள். ஆனால் அதிவேகம் என்ற சொல் மட்டும் அலட்சியத்தை நிரூபிக்காது. எந்த வேகம், எந்தச் சூழலில் என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும். கர்நாடக அரசு எதிர் சதீஷ் (1998) வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். எல்லா வழக்கறிஞர்களும் காட்டும் தீர்ப்பு என்பதால், அதை மட்டும் காட்டி நிறுத்தினால் பயனில்லை. உங்கள் வழக்கின் ஆவணத்தோடு இணைக்க வேண்டும்.

அதற்குப் போலீஸ் சம்பவ இடத்தில் தயாரித்த மாதிரி வரைபடத்தையும் பார்வை மகஜரையும் (இடத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு) மேஜையில் விரித்து வையுங்கள். சாலையின் அகலம் என்ன, மோதிய இடம் மையக்கோட்டுக்கு எந்தப் பக்கம், டயர் தேய்ந்த தடம் குறிக்கப்பட்டிருக்கிறதா, கண்ணாடிச் சில்லு எங்கே கிடந்தது. பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை: காரின் எந்த மூலையில் சேதம், பைக்கின் முன்பக்கமா பக்கவாட்டிலா. கார் ஏறக்குறைய திரும்பி முடித்த பிறகு பின் கதவில் இடித்திருந்தால் கதை ஒன்று; முன் பம்பரின் வலது முனையில் என்றால் வேறு. அ.சா.1 (அரசுத் தரப்பு முதல் சாட்சி) வாக்குமூலத்தில் சொன்னது இந்தப் படத்தோடு ஒத்துப்போகிறதா? வரைபடத்தைத் தயாரித்தவர் விசாரணை அதிகாரி. குறுக்கு விசாரணையில் அவர் ஒப்புக்கொண்ட சின்னச் சின்ன விஷயங்கள்தான் அப்பீலில் உதவும். அதனால் தீர்ப்பு நகலோடு சாட்சி வாக்குமூலங்கள், குறியீட்டு ஆவணங்கள் நகலுக்கும் இன்றே மனு போடுங்கள். தீர்ப்பில் நீதிபதி எழுதிய சுருக்கத்தை மட்டும் வைத்துக் காரணங்கள் எழுதினால், அவர் விட்டுவிட்ட பதில்கள் உங்களுக்கும் தெரியாமல் போகும்.

சம்பவ இடத்து சாட்சி என்று வந்தவர் உண்மையில் மோதலைப் பார்த்தாரா, சத்தம் கேட்டுத் திரும்பினாரா என்பதையும் பாருங்கள். விபத்துப் பதிவேட்டில், அதாவது மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பியில், காயம்பட்டவர் முதலில் என்ன சொன்னார் என்று ஒரு வரி இருக்கும். "தெரிந்த நபர் ஓட்டிய கார்" என்றா, "பைக்கில் இருந்து விழுந்ததாக" என்றா? விசாரணையில் பலர் அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள்.

பிஎன்எஸ்எஸ் 351-இன் (பழைய 313) கீழ் நீதிபதி குற்றம்சாட்டப்பட்டவரிடம் கேட்கும் கேள்விகளும் முக்கியம். எந்தச் சாட்சியத்தை வைத்துத் தண்டித்தார்களோ அதைக் குற்றம்சாட்டப்பட்டவரிடம் கேட்டிருக்க வேண்டும். நான்கு சாட்சிகளையும் ஒரே கேள்வியில் திணித்து "என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

காரணங்களைப் பொத்தாம்பொதுவாக எழுதினால், 425-இன் கீழ் ஆரம்பத்திலேயே சுருக்கமாகத் தள்ளிவிட வழி இருக்கிறது. "தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியத்துக்கும் எதிரானது" என்ற வழக்கமான முதல் வரிக்குக் கீழே, பக்க எண்ணோடு விஷயம் வர வேண்டும்.

வாடகைவண்டி_ஸ்டாண்ட்

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எங்கள் ஸ்டாண்டில் ஒருவர் இதே பிரிவுகளில் முதல் வாய்தாவிலேயே "ஒப்புக்கிறேன்" என்று சொல்லி அபராதம் கட்டினார். அவருக்கும் இழப்பீடு 25,000 போட்டிருக்கிறார்கள். லைசென்ஸையும் 3 மாதம் தகுதியிழப்பு செய்திருக்கிறார்கள். அவருக்கு வழி உண்டா?

தாமிரபரணிக்காரன்

ஒப்புக்கொண்டவர் குற்றத் தீர்ப்பை எதிர்த்து அப்பீல் போக முடியாது, 416. ஆனால் அதே பிரிவில் விதிவிலக்கு இருக்கிறது: தண்டனையின் அளவு, சட்டப்படி செல்லுமா என்ற கேள்விகளுக்காக அப்பீல் போகலாம். அபராதத்தோடு 395(3) இழப்பீடு, கால் பங்கைத் தாண்டிய மாற்றுத் தண்டனை எல்லாம் அந்த விதிவிலக்குக்குள் வரும் வாதங்கள். எனவே அவருக்கும் 30 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒப்புதலையே தாக்க வேண்டுமென்றால் பதிவைப் பாருங்கள். 274-இன்படி குற்ற விவரத்தை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். 275-இன்படி ஒப்புதலை முடிந்தவரை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே பதிய வேண்டும். அச்சடித்த படிவத்தில் "குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று டிக் மட்டும் இருந்தால், 438-இன் கீழ் செஷன்ஸ் நீதிமன்றத்தில் சீராய்வு மனு பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள். சீராய்வுக்கு 90 நாள். ஆனால் அப்பீல் போகக்கூடிய விஷயத்துக்கு அப்பீல் போகாமல் சீராய்வு போனால் எடுக்க மாட்டார்கள்.

லைசென்ஸ் தகுதியிழப்பு மோட்டார் வாகனச் சட்டம் 20-இன் கீழ் வந்த உத்தரவாக இருக்கும். குற்றத் தீர்ப்புக்கு அப்பீல் இல்லாவிட்டாலும், அப்பீல் நீதிமன்றம் அந்தத் தகுதியிழப்பை மட்டும் ரத்து செய்யவோ மாற்றவோ அந்தப் பிரிவே வழி கொடுக்கிறது. ஓட்டிப் பிழைப்பவர் என்பதால் அதைத் தனி வேண்டுகோளாகக் கேட்கச் சொல்லுங்கள். ஆர்டிஓ 19-இன் கீழ் எடுக்கும் நடவடிக்கை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கரூர்_வாசகர்

கடைசியாக ஒன்று. பைக்காரர் சமாதானத்துக்குத் தயார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். 20,000 கொடுத்து முடித்துவிடலாமா?

கோர்ட்வாசல்

125(ஏ)-ஐக் காயம்பட்டவர் நீதிமன்ற அனுமதியோடு சமாதானம் செய்துகொள்ளலாம், 359(2). அப்பீல் நிலுவையில் இருக்கும்போது என்றால் செஷன்ஸ் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஆகவே முதலில் அப்பீல் எண்ணாக வேண்டும். வெளியே பேசி முடித்துப் பேப்பரை வைத்துக்கொள்வதால் தீர்ப்பு மாறாது. சமாதானம் ஏற்கப்பட்டால் அந்தக் குற்றத்தில் விடுதலை செய்ததற்குச் சமம்.

281 சமாதானம் ஆகாது. அது பொதுச் சாலையில் ஓட்டிய விதத்துக்கான குற்றம், பைக்காரர் மன்னிக்க அவருடையது அல்ல. அதற்கு 1,000 அபராதம் அப்படியே நிற்கலாம், அல்லது வாதத்தில் ஜெயிக்க வேண்டும். அதையும் சேர்த்து முடிக்க வேண்டும் என்றால் 528-இன் கீழ் உயர் நீதிமன்றம்தான். 1,000 ரூபாய் அபராதத்துக்கு மதுரை வரை போய்வருகிற செலவு தகுமா என்று பாருங்கள்.

எம்சிஓபி_மேஜை

20,000 கொடுக்கும் முன் ஒன்று. கூட்டு மனுவில் அந்தப் பணம் எதற்கு என்று எழுதுங்கள்: குற்ற வழக்கின் சமாதானத்துக்கா, எம்சிஓபி கோரிக்கைக்கும் சேர்த்தா? "எல்லாம் தீர்ந்தது" என்று எழுதிவிட்டு எம்சிஓபியை வாபஸ் வாங்காமல் விட்டால் பின்னால் இரண்டு பக்கமும் சண்டை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் எம்சிஓபி பொறுப்பை ஒப்புக்கொள்ளும் வாசகம் எதிலும் மச்சான் கையெழுத்துப் போடக் கூடாது. பாலிசி நிபந்தனையில் அதற்குத் தடை இருக்கும், கம்பெனி அதைப் பிடித்துக்கொள்ளும். பணம் டிடியாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ போகட்டும், கூட்டு மனுவில் அதன் எண்ணும் தேதியும் வரட்டும்.

கரூர்_வாசகர்

புரிந்தது. நாளைக்கே வாக்குமூல நகல்களுக்கும் மனு போட்டுவிடுகிறோம். சமாதானப் பேச்சை அப்பீல் எண் விழுந்த பிறகு வைத்துக்கொள்கிறோம்.